வெள்ளை அணுக்கள் நீக்கிய ரத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தம் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது கூடவே ‘வெள்ளை அணு நீக்கிய ரத்தம்’, ‘ஃபில்டர் செய்த ரத்தம்’, ‘லியூக்கோடெப்ளீட்டட்’ என்று ஏதாவது ஒரு பெயரும் காதில் விழும். மூன்றும் ஒன்றுதான். அது எதற்கு, யாருக்கு, எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று நோயாளிகளும் குடும்பத்தாரும் ரத்தக் கொடையாளர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறேன். வார்டில் ரத்தம் ஏற்றும் செவிலியர்களுக்கும் சில பதில்கள் உதவும்.

வெள்ளை அணு நீக்கிய ரத்தம் என்றால் என்ன?

கொடையாளரிடமிருந்து எடுத்த ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளை அணு, பிளேட்லெட், பிளாஸ்மா எல்லாம் கலந்திருக்கும். ரத்த வங்கியில் அதைச் சுழற்றிப் பிரித்து, யாருக்கு எது தேவையோ அதை மட்டும் கொடுக்கிறார்கள். ரத்தசோகைக்குச் சிவப்பணு, பிளேட்லெட் குறைந்தவருக்குப் பிளேட்லெட். அப்படிப் பிரித்த பிறகும் சிவப்பணுப் பையிலும் பிளேட்லெட் பையிலும் வெள்ளை அணுக்கள் கோடிக்கணக்கில் தங்கிவிடும். அவற்றைத் தனியே ஒரு வடிகட்டி வழியாக எடுத்துவிட்டால் அதுதான் வெள்ளை அணு நீக்கிய ரத்தம்.

வெள்ளை அணுக்கள் நோயை எதிர்ப்பவை. அவற்றை ஏன் எடுக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. ஆனால் அவை கொடையாளரின் உடலைக் காக்கப் பழகிய அணுக்கள். இன்னொருவர் உடலில் அவை காவலர்கள் அல்ல, அந்நியர்கள். நோயாளிக்கு அவற்றால் வரும் நன்மை ஏறக்குறைய ஒன்றும் இல்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்த சில நாட்களிலேயே அவை செயலிழந்து சிதையத் தொடங்கிவிடும். தொந்தரவு மட்டும் பல வழிகளில் வரும்.

முதலாவது, வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்கள் நிறைய உண்டு. அவை ஆளுக்கு ஆள் மாறும். நோயாளியின் உடல் அவற்றை எதிரியாகப் பார்த்து ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் ரத்தத்தில் பிறருடைய வெள்ளை அணுக்களைத் திரளவைக்கும் ஏதோ ஒன்று இருப்பதைக் கவனித்துத்தான், பிரெஞ்சு மருத்துவர் ழான் தொசே 1958-இல் இந்த எச்.எல்.ஏ. குடும்பத்தின் முதல் புரதத்தை அடையாளம் கண்டார். அந்தப் பணிக்காக 1980-இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். உறுப்பு மாற்று மருத்துவத்துக்கே அடித்தளமான அந்த அறிவு, ரத்தம் ஏற்றியதால் வந்த கோளாறிலிருந்து பிறந்தது.

இரண்டாவது, பை சேமிப்பில் இருக்கும் நாட்களில் வெள்ளை அணுக்கள் சைட்டோகைன் என்ற ரசாயனங்களைக் கசியவிடுகின்றன. நம் உடலில் காய்ச்சலைக் கிளப்புவதே இந்த வகை ரசாயனங்கள்தான்.

மூன்றாவது, சில வைரஸ்கள் வெள்ளை அணுவுக்குள்ளேயே குடியிருக்கின்றன. சைட்டோமெகலோ வைரஸ், அதாவது சி.எம்.வி., அதில் முக்கியமானது. எச்.டி.எல்.வி. என்ற வைரஸும் அப்படித்தான்.

நூற்றுக்கு நூறு நீங்கிவிடுமா?

இல்லை. ஆனால் மிச்சம் மிக மிகக் குறைவு. எடுக்கும் 450 மி.லி. ரத்தத்தில் ஏறத்தாழ 200 கோடி முதல் 450 கோடி வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி வடிகட்டிய பையில் 10 லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி 50 லட்சத்துக்குக் கீழே. ஐரோப்பிய அளவுப்படி பார்த்தால் ஆயிரத்தில் 999-க்கும் மேல் போய்விடும்.

10 லட்சம் என்றால் பெரிய எண்ணாகத் தெரியலாம். ஒரு மைக்ரோலிட்டருக்குக் கணக்குப் போட்டால் அது 3 அல்லது 4 அணுக்கள்தான். நம் உடலில் அதே அளவு ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையை மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கும் வழக்கமான ரத்த எண்ணி இயந்திரத்தால் நம்பகமாக எண்ண முடியாது. அதனால் ரத்த வங்கிகள் மாதிரிப் பைகளை எடுத்து, நாஜியோட் என்ற பெரிய எண்ணும் அறையில் வைத்து நுண்ணோக்கியில் எண்ணுகின்றன. அல்லது அணுக்களின் டி.என்.ஏ.வுக்குச் சாயமேற்றி ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ணுகின்றன. சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. அதனால் சாயம் பிடித்து ஒளிர்பவற்றை வெள்ளை அணு என்று கொள்ளலாம்.

இந்தச் சோதனையை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபில்டரைத் தாண்டி வந்த பையெல்லாம் தரமான பை என்று நினைத்துவிடக் கூடாது. அவ்வப்போது ஒரு ஃபில்டர் சரியாகப் பிடிக்காமல் விட்டுவிடும். எண்ணிப் பார்க்காத ரத்த வங்கிக்கு அது தெரியவே தெரியாது.

ஃபில்டர் எப்படி வெள்ளை அணுவை மட்டும் பிடிக்கிறது?

சல்லடையாக மட்டும் இருந்தால் இது நடக்காது. சிவப்பணுவின் விட்டம் 7-8 மைக்ரான். வெள்ளை அணுக்களில் லிம்ஃபோசைட்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மற்றவை 12 முதல் 20 மைக்ரான் வரை போகும். வித்தியாசம் நெகிழ்வில் இருக்கிறது. சிவப்பணு தன்னை விடச் சிறிய துளையிலும் மடிந்து நுழைந்து போய்விடும். உட்கரு உள்ள வெள்ளை அணுவால் அப்படி எளிதில் வளைய முடியாது.

அதோடு ஒட்டிக்கொள்ளும் குணமும் சேர்கிறது. இப்போதைய ஃபில்டர்களில் சில மைக்ரான் தடிமனே உள்ள பாலியெஸ்டர் இழைகளைப் பல அடுக்குகளாக அழுத்தி வைத்திருப்பார்கள். வேலிமுள்ளில் துணி மாட்டிக்கொள்வதுபோல வெள்ளை அணுக்கள் அந்த இழைகளில் சிக்கி நின்றுவிடுகின்றன. பிளேட்லெட்டுகளும் இழையில் ஒட்டும், அவற்றின் மேல் சில வகை வெள்ளை அணுக்கள் போய் ஒட்டும். பிளேட்லெட்டைக் காப்பாற்ற வேண்டிய ஃபில்டர் என்றால் இழையின் மேற்பூச்சை மாற்றிச் செய்கிறார்கள். ஆகவே சிவப்பணு ஃபில்டரும் பிளேட்லெட் ஃபில்டரும் வேறு வேறு. ஒன்றுக்கு மற்றொன்றைப் போடக் கூடாது. சிவப்பணு ஃபில்டரில் பிளேட்லெட்டைவிட்டால் பிளேட்லெட்டே காணாமல் போய்விடும்.

இந்த யோசனை பழையது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1926-இல், கண்ணாடிக் குழாயில் பஞ்சை அடைத்து அதன் வழியே ரத்தத்தைவிட்டு வெள்ளை அணுக்களை நீக்கும் முறையை எழுதியிருக்கிறார். ஆய்வகச் சோதனைக்காகச் செய்தது அது. ரத்தம் ஏற்றும்போது வரும் காய்ச்சலுக்கு வெள்ளை அணுக்கள் காரணம் என்பது 1957 வாக்கில்தான் தெளிவானது. 1960-களில் நைலான் இழை, 1970-களில் மீண்டும் பஞ்சு, பிறகு பாலியெஸ்டர் என்று ஃபில்டர் வளர்ந்து வந்தது.

ரத்தம் ஏற்றும் செட்டிலேயே ஒரு வலை இருக்கிறதே, அது போதாதா?

போதாது. அந்த வலையின் துளை 170 முதல் 260 மைக்ரான் வரை. ரத்தக் கட்டிகளைத் தடுக்க மட்டுமே அது. வெள்ளை அணுக்கள் அதன் வழியே தாராளமாகப் போகும். 40 மைக்ரான் வலை போட்ட செட்டுகளும் உண்டு. அவையும் இந்த வேலையைச் செய்யாது.

ரத்த வங்கியில் வடிகட்டுவதா, படுக்கையருகில் வடிகட்டுவதா? இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்த ஒரு கேள்வியில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: ரத்தம் எடுத்த ஓரிரு நாட்களுக்குள், ரத்த வங்கியிலேயே, சேமிப்பில் வைக்கும் முன்பே வடிகட்ட வேண்டும்.

காரணம் ஒன்று, சைட்டோகைன். ஃபில்டர் அணுக்களைப் பிடிக்கும், கரைந்திருக்கும் ரசாயனத்தைப் பிடிப்பதற்கில்லை. பை பல நாள் இருந்த பிறகு வடிகட்டினால் வெள்ளை அணு போகும், அது கசியவிட்டது அப்படியே இருக்கும். பிளேட்லெட்டில் இது இன்னும் மோசம். சிவப்பணுவைக் குளிரில் வைக்கிறோம். பிளேட்லெட்டை 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் வெள்ளை அணுக்கள் சுறுசுறுப்பாகவே இருக்கும். 1994-இல் கனடாவில் ஆய்வாளர்கள் பிளேட்லெட் பையின் பிளாஸ்மாவையும் அணுக்களையும் பிரித்து, ஒரே நோயாளிகளுக்குத் தனித்தனியாக ஏற்றிப் பார்த்தார்கள். காய்ச்சலும் குளிரும் அதிகம் வந்தது பிளாஸ்மாவை ஏற்றியபோதுதான்.

காரணம் இரண்டு, சிதைவு. பழைய பையில் வெள்ளை அணுக்கள் உடைந்து துண்டு துண்டாகியிருக்கும். துண்டுகள் ஃபில்டரைத் தாண்டிப் போகும். அவற்றின் மேலும் எச்.எல்.ஏ. இருக்கும். உள்ளே இருந்த வைரஸும் வெளியே வந்திருக்கும்.

காரணம் மூன்று, கண்காணிப்பு. வார்டில் மாட்டும் ஃபில்டரில் ரத்தம் எந்த வேகத்தில் போனது, என்ன வெப்பநிலையில் போனது, கடைசியில் எத்தனை அணு மிஞ்சியது என்று யாரும் அளக்க மாட்டார்கள். செவிலியர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், நான்கு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் போகும் ரத்தத்தில் ஃபில்டர் தன் முழுத் திறனைக் காட்டுவதில்லை.

நான்காவதாக ஒரு ஆபத்தும் இருக்கிறது. படுக்கையருகு ஃபில்டர் வழியே ரத்தம் ஏற்றும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்திருக்கிறது. குறிப்பாக உயர் ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனாலபிரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு. ஃபில்டரின் மேற்பரப்பில் ரத்தம் படும்போது பிராடிகைனின் என்ற பொருள் உருவாகிறது. உடலில் அதை உடைக்கும் நொதியை அந்த மாத்திரை தடுத்து வைத்திருக்கும். அதனால் அழுத்தம் சரிகிறது. படுக்கையருகு ஃபில்டர் தவிர வேறு வழியில்லாத இடத்தில், நோயாளி என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்று முதலில் பார்த்துவிடுங்கள். அழுத்தம் விழுந்தால் ஏற்றுவதை உடனே நிறுத்த வேண்டும்.

எடுத்த உடனேயே வடிகட்டிவிட்டால் இன்னும் நல்லதா?

அங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொடையாளரின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ ஒன்றிரண்டு பாக்டீரியா பைக்குள் வந்திருக்கலாம். சில மணி நேரம் விட்டால் வெள்ளை அணுக்கள் அவற்றை விழுங்கிவிடும். பிறகு வடிகட்டினால் விழுங்கிய அணுவோடு பாக்டீரியாவும் வெளியேறும். குளிரிலும் வளரக்கூடிய யெர்சினியா என்ற பாக்டீரியாவில் இந்தப் பயன் தெளிவாகக் காணப்பட்டிருக்கிறது. ஆகவே சில மணி நேரம் காத்திருந்து வடிகட்டுவது பல இடங்களில் வழக்கம்.

வடிகட்டிய ரத்தம் ஏற்றினால் காய்ச்சலே வராதா?

வெகுவாகக் குறையும். அடியோடு நிற்காது. ரத்தம் ஏற்றும்போதோ முடிந்து நான்கு மணி நேரத்துக்குள்ளோ உடல்சூடு 1 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் ஏறி, 38-ஐத் தொட்டு, வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் அதை ரத்தம் ஏற்றியதால் வந்த சாதாரணக் காய்ச்சல் என்பார்கள்.

‘வேறு காரணம் எதுவும் இல்லையென்றால்’ என்பதைத் தயவுசெய்து அழுத்திப் படியுங்கள். ரத்த வகை மாறிப் போனாலும் முதல் அறிகுறி காய்ச்சலாக இருக்கலாம். பையில் பாக்டீரியா வளர்ந்திருந்தாலும் அப்படித்தான். “ஃபில்டர் செய்த ரத்தம்தானே, ஒன்றும் ஆகாது” என்று ஒரு பாராசிட்டமாலைக் கொடுத்துவிட்டுத் தொடர்வது பெரிய தவறு. ஏற்றுவதை நிறுத்தி, ஊசி வழியைத் திறந்தே வைத்து, பையில் உள்ள பெயரையும் வகையையும் நோயாளியோடு மீண்டும் ஒப்பிட்டு, ரத்த வங்கிக்குத் தெரிவித்த பிறகுதான் மற்றது. பக்கத்தில் இருக்கும் உறவினர்களுக்கும் இது பொருந்தும். நோயாளிக்குக் குளிர்கிறது, நடுங்குகிறது, முதுகு வலிக்கிறது என்றால் தயங்காமல் செவிலியரைக் கூப்பிடுங்கள்.

பிளேட்லெட் எத்தனை ஏற்றினாலும் எண்ணிக்கை ஏறவில்லை என்கிறார்கள். இதற்கும் வெள்ளை அணுவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, எல்லோருக்கும் அல்ல. காய்ச்சல், கிருமித் தொற்று, மண்ணீரல் வீக்கம், ரத்தக்கசிவு எல்லாம் பிளேட்லெட்டைத் தின்றுவிடும். ஆனால் ஒரு பகுதியினருக்குக் காரணம் எச்.எல்.ஏ. ஆன்டிபாடி. பிளேட்லெட்டின் மேலும் எச்.எல்.ஏ. புரதம் இருப்பதால், முன்பு ஏற்றிய வெள்ளை அணுக்களைப் பார்த்து உருவான ஆன்டிபாடி இப்போது ஏற்றும் பிளேட்லெட்டை அழிக்கிறது.

இதை அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வில் சோதித்தார்கள். 1997-இல் முடிவு வெளியானது. அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களில், சாதாரணப் பிளேட்லெட் பெற்றவர்களில் 45 சதவீதத்தினருக்கு ஆன்டிபாடி உருவானது. வெள்ளை அணுவை நீக்கியோ, புற ஊதா ஒளியில் செயலிழக்கச் செய்தோ கொடுத்த குழுக்களில் அது 17 முதல் 21 சதவீதம்தான். ஆன்டிபாடியும் வந்து பிளேட்லெட்டும் ஏறாமல் போனவர்கள் சாதாரணக் குழுவில் 13 சதவீதம், மற்ற குழுக்களில் 3 முதல் 5 சதவீதம்.

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் உயிர்பற்றியது. ஆன்டிபாடி வந்துவிட்டால் எச்.எல்.ஏ. பொருந்தும் கொடையாளரைத் தேடி அலைய வேண்டும். வந்த பிறகு வடிகட்டிய ரத்தம் கொடுத்துப் பெரிய பயன் இல்லை. அதனால் நீண்ட சிகிச்சை என்று தெரிந்த நோயாளிக்கு முதல் பையிலிருந்தே வடிகட்டியது வேண்டும். பிள்ளைகள் பெற்ற பெண்களுக்குக் கர்ப்பகாலத்திலேயே இந்த ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம் என்பதையும் மருத்துவர் மனதில் வைத்துக்கொள்வார்.

சி.எம்.வி. பற்றி ஏன் இவ்வளவு கவலை?

நல்ல உடல்நலத்தோடு இருப்பவருக்குக் கவலையே வேண்டாம். பெரியவர்களில் மிகப் பலருக்கு இது எப்போதோ வந்து, உடலில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். ஆபத்து யாருக்கென்றால் குறைமாதக் குழந்தை, கருவில் இருக்கும் சிசு, எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர். இவர்களுக்கு நுரையீரல், கல்லீரல், கண் என்று எங்கும் பாயும்.

வைரஸ் மோனோசைட் போன்ற வெள்ளை அணுக்களுக்குள் பதுங்கியிருப்பதால் வடிகட்டினால் அதுவும் போய்விடுகிறது. மஜ்ஜை மாற்று நோயாளிகளில் நடந்த ஒரு ஆய்வு 1995-இல் வெளியானது. வடிகட்டிய ரத்தத்தையும் சி.எம்.வி. இல்லாத கொடையாளரின் ரத்தத்தையும் ஒப்பிட்டு, தொற்று விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று அது காட்டியது. இன்று பல நாடுகளில் பெரும்பாலான நோயாளிகளுக்கு வடிகட்டிய ரத்தத்தையே சி.எம்.வி. பாதுகாப்பு ரத்தமாக ஏற்கிறார்கள். பிரிட்டன் போன்ற சில நாடுகளில் கரு, பச்சிளம் குழந்தை, கர்ப்பிணி போன்றோருக்கு மட்டும் சி.எம்.வி. சோதித்து இல்லையென்று கண்ட ரத்தத்தைத் தருகிறார்கள். கொடையாளருக்கு வைரஸ் அப்போதுதான் தொற்றியிருந்தால் அது பிளாஸ்மாவிலும் மிதக்கும், ஃபில்டருக்கு அகப்படாது என்பதுதான் இந்தக் கூடுதல் எச்சரிக்கைக்குக் காரணம்.

கதிர்வீச்சு செலுத்திய ரத்தமும் இதுவும் ஒன்றா?

இல்லவே இல்லை. இந்தக் குழப்பம் உயிரை எடுக்கக்கூடியது.

கொடையாளரின் டி லிம்ஃபோசைட்டுகள் நோயாளியின் உடலில் பிழைத்து, பெருகி, அவருடைய தோல், குடல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றையே தாக்கும் ஒரு நிலை உண்டு. மிக அரிது. ஆனால் வந்தவர்களில் 10-இல் 9 பேருக்கு மேல் இறந்துவிடுகிறார்கள். நோயெதிர்ப்பு கடுமையாகக் குன்றியவர்கள், மஜ்ஜை மாற்று செய்தவர்கள், ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்கள், கருவில் ரத்தம் ஏற்றப்படும் சிசு ஆகியோருக்கு இந்த ஆபத்து உண்டு.

வடிகட்டினால் லிம்ஃபோசைட் எண்ணிக்கை குறையும். எல்லாப் பையையும் வடிகட்டத் தொடங்கிய பிறகு பிரிட்டனில் இந்த நோயின் அறிக்கைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனாலும் மிஞ்சும் சில லட்சம் அணுக்களை நம்பி விட முடியாது. குறைந்தது 25 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கதிர்வீச்சு கொடுத்தால் மிஞ்சிய லிம்ஃபோசைட்டுகளால் பெருக முடியாது. அதுதான் தடுப்பு. ஆனால் கதிர்வீச்சு வெள்ளை அணுவை வெளியே எடுப்பதில்லை. காய்ச்சலையும் ஆன்டிபாடியையும் அதைக் கொண்டு தடுக்க முடியாது. ஆகவே சிலருக்கு இரண்டும் வேண்டும். மருத்துவர் இரண்டையும் எழுதியிருந்தால் இரண்டு முத்திரையும் பையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்தக்காரர் ரத்தம் கொடுத்தால் பாதுகாப்புதானே?

இந்த விஷயத்தில் நேர்மாறு. நெருங்கிய உறவினரிடம் இருக்கும் எச்.எல்.ஏ. வகைகள் எல்லாமே நோயாளியிடமும் இருந்துவிடலாம்; நோயாளியிடம் அவற்றோடு வேறு வகைகளும் இருக்கும். அப்போது நோயாளியின் உடல் அந்த லிம்ஃபோசைட்டுகளை அந்நியராக அடையாளம் காணாமல் விட்டுவிடும். அவையோ நோயாளியை அந்நியராகவே பார்க்கும். அதனால்தான் நோயெதிர்ப்பு நன்றாக இருப்பவருக்குக்கூட உறவினர் ரத்தத்தில் மேலே சொன்ன ஆபத்து வருகிறது. உறவினர் ரத்தத்துக்குக் கதிர்வீச்சு கட்டாயம். ஃபில்டர் மட்டும் போதாது. உதவ நினைக்கும் உறவினர், பொதுவாக யாருக்கேனும் பயன்படட்டும் என்று கொடுத்துவிடுவதே நல்லது.

வேறு எதையெல்லாம் தடுக்காது?

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி ஆகியவற்றைத் தடுக்காது. அவற்றுக்குச் சோதனைதான் வழி. ரத்த வகை மாறிப் போவதைத் தடுக்காது. தடிப்பு, அரிப்பு போன்ற ஒவ்வாமை பெரும்பாலும் பிளாஸ்மாப் புரதத்தால் வருவது. அதையும் தடுக்காது. ரத்தம் ஏற்றிய சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுவதற்கு, பெரும்பாலும் கொடையாளரின் பிளாஸ்மாவில் இருக்கும் ஆன்டிபாடி காரணம். அதற்கும் இந்த ஃபில்டர் தீர்வாகாது.

யாருக்கெல்லாம் அவசியம் வேண்டும்?

வாழ்நாள் முழுதும் ரத்தம் தேவைப்படும் தலசீமியா, சிக்கிள் செல் ஆகிய பரம்பரை ரத்த நோய்கள் உள்ளவர்கள். லுகேமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா போன்றவற்றுக்குச் சிகிச்சை பெறுபவர்கள். மஜ்ஜை மாற்றுக்கோ சிறுநீரக மாற்றுக்கோ காத்திருப்பவர்கள். இவர்களுக்கு எச்.எல்.ஏ. ஆன்டிபாடி வந்துவிட்டால் பொருந்தும் உறுப்பு கிடைப்பதே கடினமாகிவிடும். பச்சிளம் குழந்தைகள். ரத்தம் ஏற்றியபோது முன்பே காய்ச்சல் வந்து அவதிப்பட்டவர்கள்.

இவர்களில் யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் முதல் பை ஏற்றும் முன்பே கேளுங்கள்: “வெள்ளை அணு நீக்கியதா? எங்கே, எப்போது வடிகட்டியது? கதிர்வீச்சும் வேண்டுமா?” கேட்பது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மருத்துவமனை மாறும்போது, முன்பு வந்த எதிர்வினைகளை எழுதிய தாளைக் கையோடு கொண்டு போங்கள். புது இடத்து ரத்த வங்கிக்கு அது தானாகத் தெரியாது.

எல்லா நோயாளிக்கும் வடிகட்டியே கொடுத்துவிடலாமே?

பல நாடுகள் அப்படித்தான் செய்கின்றன. பிரான்ஸ் 1998-இல் தொடங்கியது. பிரிட்டனும் கனடாவும் 1999-இல் முழுமையாக்கின. பிரிட்டனின் அவசரத்துக்குக் காரணம் மாட்டுப் பித்த நோயோடு தொடர்புள்ள மூளைச்சிதைவு நோய். அது ரத்தம் வழியே பரவுமோ, வெள்ளை அணுதான் சுமக்கிறதோ என்ற அச்சம். அச்சம் பொய்யில்லை. ரத்தம் வழியே பரவிய சில நோயாளிகள் பின்னர் கண்டறியப்பட்டார்கள். எல்லோரும் வடிகட்டாத சிவப்பணுவைப் பெற்றவர்கள். ஆனால் ஹாம்ஸ்டர் எலிகளின் ரத்தத்தில் செய்த சோதனையில் ஃபில்டர் இதே வகைத் தொற்றில் 42 சதவீதத்தை மட்டுமே நீக்கியது. மிச்சம் பிளாஸ்மாவில் இருந்தது.

பொதுவான நோயாளிகளுக்கு எவ்வளவு பயன் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நெதர்லாந்தில் இதய அறுவை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 60 நாட்களில் இறந்தவர்கள் வடிகட்டாத குழுவில் 7.8 சதவீதம், வடிகட்டிய குழுக்களில் 3.6, 3.3 சதவீதம். கனடாவில் எல்லோருக்கும் வடிகட்டத் தொடங்கியதற்கு முன்னும் பின்னும் 14,786 நோயாளிகளை ஒப்பிட்டபோது மரணம் 7.03-இலிருந்து 6.19 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அதே காலத்தில் மற்ற சிகிச்சைகளும் மேம்பட்டிருக்கும் அல்லவா? அமெரிக்காவில் 2,780 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வில் மரணத்திலும் மருத்துவமனையில் தங்கும் நாட்களிலும் வித்தியாசம் இல்லை.

என் கணிப்பு இது: வசதி உள்ள இடத்தில் எல்லோருக்கும் வடிகட்டுவது நல்லதே. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரிக்கும்போது நேரும் தவறுகள் அப்போது இல்லாமல் போகும். வசதி குறைந்த இடத்தில் தேவையானவர்களின் பட்டியலில் ஒருவரும் விடுபடாமல் பார்ப்பது முதல் வேலை. கிருமிச் சோதனைக்கும் ரத்த வகை சரிபார்ப்புக்கும் ஆகும் பணத்தை இதற்காகக் குறைக்கவே கூடாது.

அவசரத்தில் வடிகட்டிய ரத்தம் கிடைக்கவில்லையென்றால்?

உயிர் போகும் ரத்தப்போக்கு என்றால் கிடைக்கும் பொருத்தமான ரத்தத்தை ஏற்ற வேண்டும். காத்திருக்கக் கூடாது.

வடிகட்டுவதால் ரத்தம் வீணாகுமா? கெட்டுப்போகுமா?

கொஞ்சம் சிவப்பணு ஃபில்டரில் தங்கிவிடும். குறைந்தது 85 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்பது அமெரிக்க விதி. நல்ல ஃபில்டரில் அதற்கு மேலேயே மிஞ்சும். பையோடு சேர்த்தே ஒட்டிவரும் ஃபில்டர் என்றால் பையைத் திறக்காமலே வடிகட்டலாம். அப்போது சேமிப்புக் காலம் குறையாது, சிவப்பணுவுக்கு வழக்கமான 42 நாள் கிடைக்கும். பையைத் திறந்து வெளியிலிருந்து ஃபில்டர் சேர்த்தால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். சேமிப்பில் சிவப்பணுக்களைச் சேதப்படுத்தும் நொதிகள் வெள்ளை அணுக்களிலிருந்து வருவதால், முன்பே வடிகட்டிய பையில் சிவப்பணுக்கள் உடைவதும் சற்றுக் குறைவு.

சில கொடையாளர்களின் ரத்தம் ஃபில்டரில் அடைத்துக்கொள்ளும். சிக்கிள் செல் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களிடம் இது அதிகம். அவர்களுக்கு நோய் இருக்காது, பலருக்குத் தங்களிடம் அந்த மரபணு இருப்பதே தெரியாது. பையில் ஆக்சிஜன் குறையும்போது அவர்களுடைய சிவப்பணு விறைத்து, நெகிழ்வை இழந்துவிடுகிறது. ஒரே கொடையாளரின் ரத்தம் திரும்பத் திரும்ப அடைத்தால் அவரைக் கூப்பிட்டு மரியாதையாக விளக்கிச் சொல்லி, சோதனைக்கு அனுப்ப வேண்டும். அவர் குடும்பத்துக்கும் அது பயன்படும் தகவல்.

வாஷ் செய்த ரத்தம் இதற்கு மாற்றாகுமா?

ஆகாது. உப்புநீரில் கழுவுவது பிளாஸ்மாப் புரதத்தை எடுக்கத்தான். வெள்ளை அணுவும் ஓரளவு போகும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கியும்விடலாம். சுழற்றும்போது நடுவில் படியும் வெண்படலத்தை எடுத்துவிடும் முறையிலும் 70-80 சதவீதம்தான் நீங்கும். காய்ச்சல் குறையும், ஆனால் ஆன்டிபாடிக்கும் சி.எம்.வி.க்கும் அது போதாது.

எப்போது வடிகட்டவே கூடாது?

நோயாளிக்கு வெள்ளை அணுவையே கொடுக்க வேண்டியிருக்கும்போது. கிரானுலோசைட் என்ற வகை வெள்ளை அணுவை ஏற்றுவது, ஸ்டெம் செல் அல்லது எலும்பு மஜ்ஜை ஏற்றுவது, கொடையாளர் லிம்ஃபோசைட் ஏற்றுவது ஆகிய மூன்றிலும் இந்த ஃபில்டரை மாட்டினால் சிகிச்சைப் பொருளே ஃபில்டரில் நின்றுவிடும். இந்தப் பைகளுக்குப் பக்கத்தில் ஃபில்டர் செட்டை வைக்காமல் இருப்பதே நல்ல வழக்கம்.

நான் ரத்தக் கொடையாளர். எனக்கு ஏதாவது மாறுமா? எடுத்த வெள்ளை அணுக்களை என்ன செய்கிறார்கள்?

உங்களுக்கு எதுவும் மாறாது. அதே ஊசி, அதே நேரம். வடிகட்டுவது நீங்கள் போன பிறகு நடக்கும். இயந்திரம் மூலம் பிளேட்லெட் கொடுப்பவர் என்றால் பல இயந்திரங்கள் எடுக்கும்போதே வெள்ளை அணுவைப் பிரித்துவிடுகின்றன. நீங்கள் கொடுத்த வெள்ளை அணுக்களை உங்கள் உடல் விரைவிலேயே ஈடுசெய்துவிடும்.

ஃபில்டரில் தங்கியவை பெரும்பாலும் மருத்துவக் கழிவாகப் போகின்றன. ஆனால் கொடையாளரின் ஒப்புதல் இருக்கும் இடங்களில் ஆய்வாளர்கள் ஃபில்டரைப் பின்னோக்கி அலசி அந்த அணுக்களை எடுத்து, நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். 1970-களில் ஃபின்லாந்தில் காரி கான்டெல் என்ற ஆய்வாளர், அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வந்த கொடை ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளை அணுக்களைக் கொண்டுதான் இன்டர்ஃபெரான் தயாரித்தார். மனிதர்களிடம் முதலில் நடந்த இன்டர்ஃபெரான் சிகிச்சைச் சோதனைகள் பலவற்றுக்கு மருந்து அங்கிருந்துதான் போனது. உங்கள் ரத்த மையம் ஆராய்ச்சிக்கு ஒப்புதல் கேட்டால், படித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் கையெழுத்துப் போடுங்கள்.